மேடை மறுக்கப்பட்ட இசைஞர்

இசைக் கலைக்கு ஓர் இயல்பு உண்டு. சிற்பி வடித்த சிலை அவன் மறைந்த பின்னும் கோயிலிலே நிற்கும். ஓவியன் தீட்டிய படம் சுவரிலே இருக்கும். புலவன் யாத்த செய்யுள் ஏட்டிலே வாழும். இசைஞன் எழுப்பும் ஒலியோ எழுந்த கணத்திலேயே காற்றோடு கலந்துவிடுகின்றது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்த பின்னர் அவ்வொலியைச் சேமித்து வைக்கும் வழி உண்டாயிற்று என்பது மெய்யே. ஆயினும், சேமித்து வைத்த ஒலி வேறு. அவ்வொலியைப் பிறப்பிக்கும் ஆற்றல் வேறு. அவ்வாற்றல் ஒரு மனிதரிடமிருந்து மற்றொரு மனிதருக்குக் கைமாறினாலன்றி நிலைபெறாது. ஆதலினாலே, இசைஞர் ஒருவருடைய வாழ்க்கையை அளக்கப் புகும்போது, அவர் எத்தனை மேடைகளில் ஏறினார் என்று மட்டும் கேட்டல் போதாது. எத்தனை பேரை மேடையேற்றினார் என்றும் கேட்டல் வேண்டும்.

இவ்விரு வினாக்களுக்கும் விடை தரத்தக்க வாழ்க்கை ஒன்றினை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அமெரிக்க நாட்டிலே, நியூயோர்க் மாநகரிலே பிறந்து, ஜாஸ் இசையிலே சாக்ஸபோன் வாசித்துப் பிழைத்து, தம் சொந்த நகரத்து மேடைகளில் வாசிக்கும் உரிமையை இழந்து, பின்னர் வேறொரு நகரத்திலே ஆசிரியராக அமர்ந்த ஜாக்கி மக்லீன் என்பவரின் வரலாறு அது. அவர் 1931 ஆம் ஆண்டு பிறந்து 2006 ஆம் ஆண்டு மறைந்தவர்.

சாக்ஸபோன் என்னும் கருவி நம்மவர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. கருநாடக இசையை அதில் வாசித்துப் புகழ்பெற்ற கத்ரி கோபால்நாத் அவர்களின் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்தவர் நம்மிடையே பலர். பெல்ஜியம் நாட்டவரான அடோல்ப் சாக்ஸ் என்பார் அக்கருவியை அமைத்து, 1846 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. அதன் உடல் பித்தளையால் ஆயது. எனினும் ஒலி பிறப்பது நாணற் கீற்றொன்றின் அதிர்விலே. நம் நாதஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு கீற்றுக்கள் ஒன்றையொன்று தழுவி அதிரும். சாக்ஸபோனின் வாய்முனையிலோ ஒற்றைக் கீற்றே கட்டப்பெற்றிருக்கும். பித்தளையின் முழக்கமும் நாணலின் மென்மையும் ஒருங்கே அமைந்தமையால், மனிதக் குரலின் விம்மலையும் சிரிப்பையும் முறையீட்டையும் அக்கருவி எளிதிலே காட்ட வல்லதாயிற்று.

இராணுவ வாத்தியக் குழுக்களுக்கென ஐரோப்பாவில் பிறந்த அக்கருவியைத் தம்முடையதாக்கிக் கொண்டவர்கள் அமெரிக்காவின் கறுப்பின மக்களே. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இசை ஜாஸ். அதன் வாசிப்பு முறையை நம் இசையறிவு கொண்டு ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். குழுவினர் முதலில் ஒரு மெட்டினை வாசிப்பர். பின்னர் ஒவ்வொருவரும் முறை வைத்து, அம்மெட்டின் அடிப்படையைக் கைவிடாது, அவ்வேளையில் உள்ளத்தில் தோன்றுவனவற்றைப் புதிது புதிதாய் வாசிப்பர். நாம் மனோதர்மம் என்று கூறுவதற்கு அஃது ஒப்பானது. எழுதி வைத்த சுரத்தை மாத்திரம் வாசிக்கத் தெரிந்தவர் ஜாஸ் மேடையிலே நிற்க முடியாது.

1940களிலே அவ்விசையில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. நடனத்துக்குப் பக்கவாத்தியம் போல இருந்த நிலையை விட்டு, கவனித்துக் கேட்பதற்குரிய கலையாக அதனை உயர்த்த இளைஞர் சிலர் முற்பட்டனர். சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கர், டிரம்பட் வாசித்த டிசி கிலெஸ்பி, பியானோ வாசித்த தெலோனியஸ் மங்க், பட் பவல் ஆகியோர் அவருட் தலையாயவர். விரைவும் நுட்பமும் மிக்க அப்புதிய முறைக்கு பீபொப் என்பது பெயர். நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியே அதன் விளைநிலங்களுள் முதன்மையானது.

அந்த ஹார்லத்திலேதான் மக்லீன் வளர்ந்தார். அவருடைய தந்தையார் டைனி பிராட்ஷோ என்பாரின் இசைக்குழுவிலே கிற்றார் வாசித்தவர். 1939 ஆம் ஆண்டில் மகன் சிறுவனாயிருக்கும்போதே காலமானார். அதன் பின்னர் அச்சிறுவனின் இசைக் கல்வியைப் பேணியவர்கள் அவனுடைய ஞானத் தந்தையும் மாற்றுத் தந்தையுமாவர். மாற்றுத் தந்தை இசைத்தட்டுக் கடை ஒன்று நடத்தி வந்தார். அக்கடையே பையனுக்கு நூலகமாயிற்று. அக்காலத்து ஜாஸ் மேதைகளின் இசைத்தட்டுக்களைக் கேட்டுக் கேட்டு அவன் செவி பழகியது.

பதினைந்தாம் வயதளவில் ஆல்டோ என்னும் நடுத்தர வகைச் சாக்ஸபோன் அவர் கைக்கு வந்தது. ஆயினும் அவர் நெஞ்சைக் கவர்ந்தவர்கள் அதனினும் பெரிதான டெனர் சாக்ஸபோனை வாசித்த லெஸ்டர் யங், டெக்ஸ்டர் கோர்டன் முதலானோர். சிறிய கருவியிலே பெரிய கருவியின் கனத்தை எழுப்ப முயன்றமையால், அவருடைய நாதத்தில் ஒரு கூர்மை பிறந்தது. சுருதியிலிருந்து இம்மியளவு மேலே நிற்பது போன்ற, கசப்பும் இனிப்பும் கலந்த, அழைத்துக் கூவுவது போன்ற அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர் மீண்டும் கேட்கும்போது இன்னார் வாசிப்பு என்று உடனே கூறிவிடுவர்.

அக்காலத்தில் ஜாஸ் இசையைப் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரிகள் மிக அரியன. இளைஞர்கள் கற்றது அயல் வீட்டாரிடமே. மக்லீனின் அயலவரோ பெரும் பேறுடையோர். பட் பவலின் இல்லத்துக்கு அவர் நாடோறும் செல்லும் பழக்கம் உடையவராயினார். பவல் பியானோவில் அமர்ந்து வாசிக்க, அருகில் நின்று சாக்ஸபோனில் அதனைத் தொடர முயலுதலே பாடம். பாடநூல் இல்லை, தேர்வு இல்லை, கட்டணமும் இல்லை. தெலோனியஸ் மங்க்கும் சார்லி பார்க்கரும் அவ்வாறே அவருக்கு வழிகாட்டினர். அவரோடு ஒரே குழுவில் வாசித்த பள்ளித் தோழர்களுள் சொனி ரொலின்ஸ், கெனி ட்ரூ ஆகிய இருவரும் பின்னாளில் உலகப் புகழ் எய்தினர். ஒரு சில வீதிகளுக்குள்ளே இத்தனை கலைஞர்கள் தோன்றியது தற்செயலன்று. மூத்தவரின் கதவு இளையவர்க்குத் திறந்திருந்தமையே அதற்குக் காரணம். இந்தப் பாடத்தை மக்லீன் மறக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1951 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5 ஆம் நாள், இருபதே வயதான மக்லீன், மைல்ஸ் டேவிஸ் தலைமையில் இசைப்பதிவுக்கு அழைக்கப்பட்டார். டிக் என்னும் பெயரால் வழங்கும் பதிவு அது. மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டிய பழைய இசைத்தட்டுக்களின் எல்லை நீங்கி, நீண்ட நேரம் ஓடும் தட்டுக்கள் வழக்குக்கு வந்துகொண்டிருந்த காலம். ஆகவே ஒவ்வொருவரும் தம் கற்பனையை விரித்து வாசிக்க இடம் கிடைத்தது. பதிவுக் கூடத்திலோ சார்லி பார்க்கரே வந்து அமர்ந்திருந்தார். தாம் வழிபடும் ஆசான் செவி கொடுத்துக் கேட்க, அவர் வாசிக்கும் அதே கருவியை வாசித்தல் எத்துணைப் பதற்றம் தரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1956 ஆம் ஆண்டு ஜனவரியில் சார்ல்ஸ் மிங்கஸ் என்னும் இசைமேதையின் புகழ்பெற்ற பதிவொன்றில் அவர் பங்கேற்றார். பார்க்கரைப் பின்பற்றுவதை விட்டுத் தன் குரலைத் தேடுமாறு அவரை இடித்துரைத்தவர் மிங்கஸ். அதன்பின் ஆர்ட் பிளேக்கி என்னும் டிரம் வாத்தியக்காரரின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவிலும் அவர் வாசித்தார். இருபத்தைந்து வயதிலே ஓர் இசைஞர் அடையக்கூடிய உயர்வெல்லாம் அவரை நாடி வந்துகொண்டிருந்தன.

ஆனால், உயர்வோடு ஒரு நோயும் வந்தது. அபினிலிருந்து வடித்தெடுக்கப்படும் ஹெரோயின் என்னும் கொடிய போதைப்பொருள், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளிலே ஹார்லத்து வீதிகளில் வெள்ளமெனப் பாய்ந்தது. ஜாஸ் இசைஞர் பலர் அதற்கு அடிமையாயினர். சார்லி பார்க்கர் 1955 ஆம் ஆண்டிலே, தம் முப்பத்து நான்காம் வயதில் மாண்டார். மக்லீனும் இளமையிலேயே அவ்வழக்கத்திற் சிக்கி, ஆண்டுகள் பலவற்றை அதனாற் பறிகொடுத்தார். பின்னாளில் அவர் அதனை மறைக்க முயன்றவரல்லர்.

இவ்விடத்தே நியூயோர்க் நகரில் அப்போது நடைமுறையிலிருந்த ஒரு விதியைப் பற்றிக் கூறுதல் அவசியமாகின்றது. 1940 ஆம் ஆண்டு தொடக்கம், மது விற்கும் இரவு விடுதிகளில் பணிபுரிவோர் அனைவரும், பாடகரோ, வாத்தியக்காரரோ, பரிசாரகரோ யாராயினும், பொலிஸாரிடம் சென்று கைவிரல் அடையாளம் கொடுத்து ஓர் அட்டை பெறல் வேண்டும் என்பது விதி. கபரே அட்டை என்பது அதன் பெயர். அட்டையை வழங்கவும், மறுக்கவும், திரும்பப் பெறவும் பொலிஸாருக்கே அதிகாரம். போதைப்பொருள் தொடர்பாகக் குற்றஞ் சாட்டப்பட்டோரின் அட்டை பறிக்கப்பட்டது. பாடகி பில்லி ஹொலிடே 1947 ஆம் ஆண்டில் அட்டை இழந்தார். தெலோனியஸ் மங்க் 1951 ஆம் ஆண்டில் இழந்து, 1957 வரை சொந்த நகரத்து விடுதிகளில் வாசிக்க இயலாதிருந்தார். 1957 ஐ ஒட்டிய காலத்தில் மக்லீனும் தம் அட்டையை இழந்தார்.

அட்டையை இழத்தல் என்றால் என்ன என்பதை நேயர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஜாஸ் இசைஞருக்கு அக்காலத்தில் நிலையான ஊதியம் தரும் இடம் இரவு விடுதியே. அவர் அங்கே இரவு தொடங்கி விடியுமுன் வரை வாசிப்பார். ஒரு வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒப்பந்தம் கிடைக்கும். புதிய கற்பனைகள் பிறப்பதும், இளையவர் மூத்தவரோடு சேர்ந்து வாசித்துத் தேர்வதும் அங்கேயே. இசைத்தட்டுப் பதிவு ஒரு நாள் வேலை. அதற்குரிய கூலியும் ஒரு நாளோடு முடிந்துவிடும். நியூயோர்க்கே ஜாஸ் உலகின் தலைநகர். அந்நகரிலே பிறந்து, அந்நகரிலே வாழ்ந்து, மனைவியையும் மூன்று மக்களையும் காக்க வேண்டிய பொறுப்புடைய ஒருவர், அந்நகரத்து விடுதி எதிலும் கருவியைத் தொடலாகாது என்பது அவர் தொழிலின் வேரையே அறுப்பதாகும். குற்றத்துக்குரிய தண்டனையை நீதிமன்றம் விதித்துவிட்டது. பிழைப்பை மறுக்கும் மற்றொரு தண்டனையைப் பொலிஸ் அலுவலகம் விதித்தது. நோயிலிருந்து மீள முயலும் மனிதரிடமிருந்து நேர்மையான உழைப்பைப் பறித்துவிட்டால், அவர் மீள்வது எங்ஙனம்?

விதியின் பிடிக்கு வெளியே சில வாசல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று நாடக மேடை. விடுதிக்கு அட்டை வேண்டும். நாடகக் கொட்டகைக்கு அட்டை வேண்டா. 1959 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், லிவிங் தியேட்டர் என்னும் நாடகக் குழுவினர் ஜாக் கெல்பர் எழுதிய த கனெக்ஷன் என்ற நாடகத்தை நியூயோர்க்கில் அரங்கேற்றினர். போதைக்கு அடிமையான சிலர் ஓர் அறையிலே கூடி, மருந்து கொண்டுவருபவனுக்காகக் காத்திருப்பதே அந்நாடகத்தின் பொருள். அவர்களுள் இசைஞர் நால்வர். காத்திருக்கும் வேளையில் அவர்கள் மேடையிலேயே ஜாஸ் வாசிப்பர். பியானோ வாசித்த பிரெடி ரெட் அதற்கான இசையை அமைத்தார். சாக்ஸபோன் வாசித்து நடித்தவர் மக்லீன். எந்த நோயின் பொருட்டு அவருக்கு மேடை மறுக்கப்பட்டதோ, அந்த நோயையே பொருளாகக் கொண்ட நாடகம் அவருக்கு இரவுதோறும் வாசிக்க மேடை தந்தது. 1961 ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலும் அந்நாடகம் நடிக்கப்பட்டது. ஷேர்லி கிளார்க் என்னும் அம்மையார் அதனைத் திரைப்படமாகவும் எடுத்தார்.

மற்றொரு வாசல் இசைப்பதிவுக் கூடம். 1959 முதல் 1967 வரை புளூ நோட் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தாருக்காக அவர் ஏராளமான பதிவுகளைச் செய்தார். அவற்றுட் பெரும்பாலானவை ஹட்சன் ஆற்றுக்கு அப்பால், நியூ ஜேர்சி மாநிலத்தில் அமைந்த ரூடி வான் கெல்டரின் கூடத்தில் பதிவானவை. 1962 ஆம் ஆண்டில் பதிவான லெட் பிரீடம் ரிங் என்னும் தொகுதி அவருடைய கலையில் ஒரு திருப்பம். பீபொப் மரபிலே ஊறிய அவர், ஓர்னெட் கோல்மன் போன்ற புத்திசையாளரின் சுதந்திரப் போக்கையும் ஏற்று, பழைய மரபையும் விடாது, இரண்டையும் இணைத்தார். கருவியின் எல்லைக்கு அப்பாற்பட்ட கீச்சொலிகளையும் உணர்ச்சியின் உச்சத்திலே பயன்படுத்தினார். அத்தொகுதியின் முதற் படைப்புக்குத் தம் மகள் மெலொனேயின் பெயரைச் சூட்டியமை, விடுதி மேடையை இழந்த அவ்வாண்டுகளிலும் இல்லறம் அவருக்குப் பற்றுக்கோடாய் நின்றது என்பதைக் காட்டுகின்றது.

இக்காலத்திலேயே அவரிடத்துள்ள ஆசிரியர் வெளிப்படத் தொடங்கினார். பொஸ்டன் நகருக்கு வாசிக்கச் சென்றபோது, அங்கே டிரம் வாசித்த இளைஞன் ஒருவனுடைய ஆற்றலைக் கண்டு வியந்தார். டொனி வில்லியம்ஸ் என்பது அவன் பெயர். 1962 ஆம் ஆண்டின் இறுதியில், பதினேழு வயது நிரம்பிய அவனை நியூயோர்க்குக்கு வரவழைத்துத் தம்மோடு வாசிக்கச் செய்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வன் ஸ்டெப் பியொண்ட் என்னும் பதிவில் அவனும் இடம் பெற்றான். சில கிழமைகளுக்குள்ளே மைல்ஸ் டேவிஸ் அவனைத் தம் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். ஜாஸ் இசையின் தாள முறையையே மாற்றிய மேதைகளுள் ஒருவராக டொனி வில்லியம்ஸ் விளங்கியதை வரலாறு கூறும். கிடைத்தற்கரிய வாத்தியக்காரரை இழந்தமை மக்லீனுக்கு நட்டமே. ஆனால் பட் பவலின் வீட்டுக் கதவு தமக்குத் திறந்திருந்ததை அறிந்தவர் அவர். 1960களின் நடுவிலே ஹார்லம் இளைஞருக்கான நலத் திட்டங்களிலும் சேர்ந்து, வீதியிலே திரிந்த பிள்ளைகளுக்கு இசை பயிற்றினார்.

1967 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகர சபை கபரே அட்டை முறையை ஒழித்தது. ஆனால் அந்த விடுதலை காலந் தாழ்த்தே வந்தது. ரொக் இசை இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. ஜாஸ் விடுதிகள் ஒவ்வொன்றாய்க் கதவடைத்துக்கொண்டிருந்தன. புளூ நோட் நிறுவனத்தோடு அவருக்கிருந்த தொடர்பும் அவ்வாண்டோடு முடிவுற்றது. பட் பவல் முந்திய ஆண்டிலேயே, நாற்பத்தொரு வயதில் இறந்துவிட்டார். திரும்பச் செல்வதற்கு உரிமை கிடைத்த வேளையில், திரும்பச் செல்வதற்கு இடம் அருகியிருந்தது.

1968 ஆம் ஆண்டிலே கனெக்டிகட் மாநிலத்தின் தலைநகரான ஹார்ட்போர்ட்டிலுள்ள பல்கலைக்கழகத்தின் ஹார்ட் இசைக் கல்லூரியிலே அவர் கற்பிக்கத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர் அவர். அவருடைய சான்றிதழ் அவர் வாழ்க்கையே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அக்காலத்தில் ஐரோப்பியச் செவ்விசையே இசை எனக் கருதப்பட்டது. அந்நாட்டிலேயே பிறந்த ஜாஸ் இசைக்குப் பாடத் திட்டத்திலே இடம் அரிது. பட் பவலையும் பார்க்கரையும் தெலோனியஸ் மங்கையும் நேரிற் கண்டு, அவர்களோடு பழகிய ஒருவர் வகுப்பறையிலே நின்று அவர்களைப் பற்றிப் பேசியபோது, வரலாறு உயிர் பெற்றது. படிப்படியாக அப்பாடம் விரிந்து, 1980 ஆம் ஆண்டில் ஆபிரிக்க அமெரிக்க இசைக்கெனத் தனித் துறையாயிற்று. ஜாஸ் பயில்வோர் பட்டம் பெறவும் வழி பிறந்தது.

பல்கலைக்கழகத்துப் பணி அவருடைய ஆசிரிய வாழ்க்கையில் ஒரு பாதியே. ஹார்ட்போர்ட் காப்புறுதி நிறுவனங்களாற் செல்வம் பெற்ற நகரம். எனினும் அதன் வட பகுதியிலே வாழ்ந்த கறுப்பின மக்களின் நிலை வேறு. 1960களின் இறுதியில் அங்கே கலகங்களும் தீவைப்புக்களும் நிகழ்ந்தன. போதைப்பொருளும் வீதிகளிலே பரவியது. பல்கலைக்கழகத்துக்கு வரும் வாய்ப்பே இல்லாத அப்பகுதிப் பிள்ளைகள், தாம் இளமையிலே சென்ற அதே வழியிற் செல்லும் அபாயத்தை மக்லீன் கண்டார். அவருடைய துணைவியார் டொலி அம்மையார் நடனமும் நடிப்பும் பயின்றவர். கணவனும் மனைவியும், போல் பிரவுன் என்னும் இசைஞரும், அயோனிஸ் மார்ட்டின் என்னும் ஓவியரும், ஷெரில் ஸ்மித் என்னும் நடனக் கலைஞரும் ஒருங்கு கூடி, 1970 ஆம் ஆண்டிலே ஆர்ட்டிஸ்ட்ஸ் கலெக்டிவ் என்னும் கலை நிலையத்தை நிறுவினர்.

அந்நிலையத்திலே இசை, நடனம், நாடகம், ஓவியம், தற்காப்புக் கலை ஆகியன கற்பிக்கப்பட்டன. ஆபிரிக்க மரபின் கலைகளுக்கு அங்கே சிறப்பிடம் இருந்தது. சிறுவர் சிறுமியர் இளமைப் பருவத்தைக் கடந்து பொறுப்புள்ள பருவத்துள் அடியெடுத்து வைப்பதைச் சடங்காகக் கொண்டாடும் முறையும் அங்கே ஏற்படுத்தப்பட்டது. பெருங் கலைஞரை உருவாக்குதல் மாத்திரம் அதன் குறிக்கோளன்று. மாலை வேளையிலே ஒரு பிள்ளை செல்வதற்குப் பாதுகாப்பான இடமும், கையிலே பிடிப்பதற்கு ஒரு கருவியும், பெயர் சொல்லி அழைக்க ஒரு மூத்தவரும் இருத்தல் வேண்டும் என்பதே நிறுவியோரின் எண்ணம். டொலி அம்மையார் பல பத்தாண்டுகள் அதன் நிருவாகப் பொறுப்பைத் தாங்கினார். கலை நிறுவனங்கள் தோன்றுவதற்குக் கலைஞரின் கனவு போதுமாயினும், அவை நிலைத்து நிற்பதற்குக் கணக்கேடும் கடிதமும் நன்கொடை திரட்டலும் இன்றியமையாதன என்பதை அறிந்தோர் அவ்வம்மையாரின் உழைப்பின் அருமையை உணர்வர். 1999 ஆம் ஆண்டில் அல்பனி அவெனியூ என்னும் வீதியிலே, அந்நிலையத்துக்கென எழுப்பப்பட்ட கட்டடம் திறக்கப்பட்டது.

கற்பிக்கப் புகுந்த இசைஞர் வாசிப்பை விட்டுவிட்டாரோ எனின், இல்லை. 1970களில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனுக்குச் சென்று, மொன்மார்த்ர் என்னும் விடுதியில் வாசித்தார். 1973 ஆம் ஆண்டிலே அதே மேடையில், தாம் சிறுவயதிலே போற்றிய டெக்ஸ்டர் கோர்டனோடு சேர்ந்து வாசித்தார். அவ்வாசிப்பு இசைத்தட்டாகவும் வெளிவந்தது. ஊதியத்துக்கு மேடையையே நம்பியிருந்த கவலை நீங்கியமையால், விரும்பியபோது, விரும்பியவரோடு வாசிக்கும் நிலை அவருக்கு வாய்த்தது. தம் மகன் ரெனேயும் சாக்ஸபோன் கலைஞராக, தந்தையும் மகனும் ஒரே குழுவிலே வாசித்து 1988 ஆம் ஆண்டில் டைனஸ்டி என்னும் தொகுதியைப் பதிந்தனர். குல மரபு என்னும் பொருள்படும் அப்பெயர் தகுதியானதே.

மாணாக்கரும் அவருடைய குழுவில் இடம் பெற்றனர். டிராம்போன் வாசிக்கும் ஸ்டீவ் டேவிஸ் அவரிடம் பயின்று, அவரோடு வாசித்து, பின்னர் அதே கல்லூரியில் ஆசிரியரானார். ஹார்ட்போர்ட்டிலே பிறந்த ஜிமி கிரீன் இளமையிலேயே அவரிடம் கற்று, சாக்ஸபோன் கலைஞராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் உயர்ந்தார். ஏபிரகாம் பேர்ட்டன், வேய்ன் எஸ்கொபரி, ஆன்ட்வான் ரோனி எனச் சாக்ஸபோன் கலைஞரின் வரிசை நீள்கின்றது. ஹார்லத்து வீடொன்றிலே பட் பவலிடமிருந்து பெற்றது, ஹார்ட்போர்ட் வழியாக இன்னொரு தலைமுறையின் கைக்குச் சென்றது.

2000 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகத்தார் அத்துறைக்கு ஜாக்கி மக்லீன் ஜாஸ் நிறுவனம் எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டிலே, ஜாஸ் கலைஞருக்கு அமெரிக்க அரசின் கலை நிதியம் வழங்கும் மிக உயர்ந்த விருதான ஜாஸ் மாஸ்டர் என்னும் சிறப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. ஒரு காலத்திலே விரல் அடையாளம் வாங்கி, அட்டையைப் பறித்து, வாசிக்காதே என்றது நகரத்து அரசு. நாற்பது ஆண்டுகளின் பின் அவரை ஆசான் என்று அழைத்தது நாட்டின் அரசு. 2006 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31 ஆம் நாள், ஹார்ட்போர்ட் நகரிலே, எழுபத்து நான்காம் வயதில் அவர் காலமானார்.

இவ்வரலாற்றைக் கேட்போர், மேடை பறிக்கப்பட்டமையே அவரை ஆசிரியராக்கியது என்றும், ஆதலால் அத்தீமையும் நன்மைக்கே என்றும் எண்ணுதல் கூடும். அவ்வாறு எண்ணுதல் பொருந்தாது. அதே விதியால் மேடையை இழந்த பில்லி ஹொலிடே, அட்டையைத் திரும்பப் பெறாமலே 1959 ஆம் ஆண்டில் நாற்பத்து நான்கு வயதிலே மாண்டார். ஹார்லத்தில் மக்லீனோடு வளர்ந்த தலைமுறையிலே முதுமை காணாது மடிந்தோர் பலர். விதி அவர்களுக்கு எந்தப் பள்ளியையும் கட்டிக் கொடுக்கவில்லை. மக்லீன் மீண்டமைக்குக் காரணம் வேறு. அவரைக் கைவிடாத குடும்பம் இருந்தது. பட்டத்தைக் கேளாது அறிவை மதித்த ஒரு கல்லூரி இருந்தது. இளமையிலே திறந்த கதவுகளைக் கண்ட நினைவு அவர் நெஞ்சில் இருந்தது. இம்மூன்றும் ஒருங்கே வாய்க்காதவர்களுக்காகவே அவர் கலை நிலையத்தைக் கட்டினார்.

நம் நாட்டிலும், இசையையும் கூத்தையும் பிற கலைகளையும் வாழ்வாகக் கொண்டோர் பலர் உளர். மேடை கிடைக்கும் காலமும் உண்டு. கிடையாத காலமும் உண்டு. கலைஞரைப் போற்றும் சமூகம் அவர் பாடும்போது கைதட்டுவதோடு நின்றுவிடலாகாது. பாட முடியாத காலத்தில் அவர் வீட்டு அடுப்பு எரிகின்றதா என்று கேட்டலும், அவர் அறிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு திண்ணையாவது அமைத்துத் தருதலும் அச்சமூகத்தின் கடனாகும். ஹார்ட்போர்ட்டின் வட பகுதியிலே ஓர் இசைஞரும் அவர் மனைவியும் நண்பர் மூவரும் தொடங்கியது அத்தகைய திண்ணையே. அதிலே அமர்ந்து கற்ற பிள்ளைகள் இன்று பிறருக்குக் கற்பித்து வருகின்றனர்.